கறுப்பு மனிதனின் வீடு: ஒரு நாடகத்தையும் ஒரு நாவலையும் முன்வைத்து

அமெரிக்கக் கறுப்பின இலக்கியம் என்றதும் நமது வட்டத்தில் உடனே நினைவுக்கு வருவன சங்கிலி, சவுக்கு, பருத்தித் தோட்டம், பின்னர் தெருவில் எழுந்த கோபம் என்பவைதாம். அலெக்ஸ் ஹேலியின் நூல் 'ஏழு தலைமுறைகள்' எனத் தமிழில் வந்து பலரது கைகளில் புரண்டது. மல்கம் எக்ஸின் சுயசரிதையை நம்மவர்கள் மார்க்கப் பற்றோடும் படித்தார்கள், அரசியல் ஆர்வத்தோடும் படித்தார்கள். இவற்றில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆயினும், சம்பளம் எடுத்து, வரி கட்டி, மாதத் தவணை செலுத்தி, முற்றத்துப் புல்லை வெட்டி, பிள்ளையைப் பல்கலைக்கழகம் அனுப்ப நினைக்கும் கறுப்பு மனிதன் ஒருவனும் அங்கே இருக்கிறான். அவனைப் பற்றி நாம் பேசுவதில்லை. அவனிடம் போராட்டம் இல்லை என்ற எண்ணமே இதற்குக் காரணம் எனலாம். அவன் எழுதிய, அவனைப் பற்றி எழுதப்பட்ட இலக்கியமோ இதற்கு நேர்மாறானதைச் சொல்கிறது.

நாம் நன்கு அறிந்த மல்கமின் சுயசரிதையிலிருந்தே தொடங்கலாம். பொஸ்டன் நகரின் ரொக்ஸ்பரிப் பகுதியில் 'குன்று' என அழைக்கப்பட்ட இடத்தில் வாழ்ந்த கறுப்பினத்தாரை அவர் கேலி செய்யும் பக்கங்கள் நினைவிருக்கும். வங்கியில் கூட்டித் துடைப்பவரும் கடிதம் சுமப்பவரும் தாம் 'வங்கித் துறையில்' இருப்பதாகச் சொல்லிக் கொள்வார்களாம். சிரிப்பு வருகிறது, வரத்தான் வேண்டும். ஆனால் அதே நூலில் எல்லா என்றொரு பெண் வருகிறார். மல்கமின் தந்தையுடைய முதல் தாரத்து மகள். அந்தக் குன்றிலேயே வீடும் வளவும் வாங்கி, தெற்கிலிருந்து உறவினர்களை ஒவ்வொருவராக அழைத்து வந்து குடியேற்றியவர். 1964இல் மல்கம் ஹஜ்ஜுக்குப் புறப்படக் கையில் காசில்லாதபோது, தான் ஹஜ் செய்வதற்கெனச் சேர்த்து வைத்திருந்த பணத்தைக் கொடுத்தவரும் அவரே. மக்காவிலிருந்து மல்கம் எழுதிய கடிதத்தைப் பற்றி நம்மிடையே எத்தனை கட்டுரைகள்! அந்தப் பயணத்துக்கான பணம் அவர் கேலி செய்த குன்றிலிருந்து வந்தது என்பதை ஒரு கட்டுரையாவது ஒரு வரியில் சொல்லியதை நான் வாசித்ததில்லை.

நான் பேச விரும்பும் முதற் படைப்பு லொரெய்ன் ஹான்ஸ்பெரியின் 'எ ரெய்ஸின் இன் த சன்' என்ற நாடகம். 1959 மார்ச் 11ஆம் திகதி நியூயோர்க்கின் பிரோட்வே அரங்கில் மேடையேறியது. கறுப்பினப் பெண்ணொருவர் எழுதி அவ்வரங்குக்கு வந்த முதலாவது நாடகம் இதுவாகும். அப்போது அவருக்கு வயது 28.

கதை எளிமையானது. சிக்காகோவின் தெற்குப் பகுதியில் ஒரு நெருக்கடியான குடியிருப்பு. தாய் லேனா, மகன் வோல்டர், மருமகள் ரூத், மருத்துவம் படிக்கக் கனவு காணும் மகள் பெனீதா, சோபாவில் உறங்கும் பேரன் திராவிஸ். குளியலறையை அயல் குடும்பத்தோடு பகிர வேண்டும். இறந்துபோன தகப்பனின் ஆயுள் காப்புறுதிப் பணம் பத்தாயிரம் டொலர் வரப்போகிறது. (காப்புறுதி கூடுமா கூடாதா என்ற நமது விவாதம் இங்கு வேண்டாம்.) கார்ச் சாரதியான வோல்டருக்கு மதுபானக் கடை போட ஆசை. தாயோ 3,500 டொலரை முற்பணமாகக் கட்டி ஒரு வீட்டைப் பேசி முடித்துவிடுகிறாள். வீடு இருப்பதோ வெள்ளையர் மட்டும் வாழும் கிளைபோர்ன் பார்க்கில்.

ஏன் அங்கே? வெள்ளையரோடு சேர்ந்து வாழும் ஆசையினாலா? பல விமர்சகர்கள் இந்நாடகத்தை 'ஒருங்கிணைவு' பற்றிய நாடகம் என்றே எழுதினர். தாய் சொல்லும் காரணம் வேறு. கறுப்பினத்தாருக்கென்று தூரத்தில் கட்டப்படும் வீடுகளின் விலை இரட்டிப்பாக இருக்கிறது. தன் பணத்துக்குக் கிடைக்கக்கூடிய நல்ல வீட்டைத் தேடினாள், அவ்வளவுதான். ஒரு குடும்பத் தலைவியின் கணக்கு அது. நாடகத்தின் திறவுகோல் இந்த இடத்திலேயே இருக்கிறது என்பேன்.

அந்த இரட்டிப்பு விலை எப்படி வந்தது என்பதை அறியாமல் நாடகத்தை முழுமையாக வாசிக்க முடியாது. 1930களில் அமெரிக்க அரசின் வீட்டுக் கடன் நிறுவனம் நகரங்களின் வரைபடங்களை எடுத்துப் பகுதி பகுதியாகத் தரம் பிரித்தது. கறுப்பினத்தார் வாழும் பகுதிகளுக்குச் சிவப்பு நிறம். 1934இல் தோன்றிய கூட்டாட்சி வீடமைப்பு நிர்வாகமும் அத்தகைய பகுதிகளில் கடனுக்குப் பிணை நிற்க மறுத்தது. கறுப்பினத்தாருக்கு விற்கவோ வாடகைக்கு விடவோ மாட்டோம் என்று வெள்ளையர்கள் தமக்குள் ஒப்பந்தம் எழுதிக் கொண்டார்கள். வங்கிக் கடன் கிடையாத கறுப்பினத்தவன் என்ன செய்வான்? தரகனிடம் தவணை ஒப்பந்தத்தில் வீடு வாங்கினான். முழுப் பணமும் கட்டி முடியும்வரை காணி உறுதி தரகனின் பெட்டியில். ஒரு தவணை தப்பினால் வீடும் போகும், கட்டிய பணமும் போகும். அதே வீடு அடுத்த கறுப்பினத்தவனுக்கு மீண்டும் விற்கப்படும். சிக்காகோவில் 1950களில் இதுவே பெருவழக்காக இருந்தது. வீட்டுக்கு உறுதி என்றால் என்ன, அது யார் பெயரில் இருக்கிறது என்பதன் பெறுமதி நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஹான்ஸ்பெரிக்கு இது ஏட்டறிவல்ல. அவரது தந்தை கார்ல் ஹான்ஸ்பெரி ஆதன வியாபாரி. 1937இல் வெள்ளையர் பகுதியில் வீடு வாங்கினார். கும்பல் கூடியது, எறியப்பட்ட கல் சிறுமி லொரெய்னை மயிரிழையில் தப்பவிட்டது. தந்தை வழக்குக்காக அலைய, தாய் கைத்துப்பாக்கியோடு இரவில் வீட்டைக் காவல் காத்ததைப் பிற்காலத்தில் லொரெய்ன் எழுதியிருக்கிறார். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்று 1940இல் வெற்றி பெற்றது. ஆனால் நீதிமன்றம் அந்த ஒப்பந்தங்கள் சரியா பிழையா என்று பார்க்கவில்லை. முந்திய ஒரு வழக்கின் தீர்ப்பு இவர்களைக் கட்டுப்படுத்தாது என்ற நடைமுறைக் காரணத்தைச் சொல்லி ஒதுங்கிக் கொண்டது. ஒப்பந்தங்களை நீதிமன்றங்கள் அமுல்படுத்தக் கூடாது என்ற தீர்ப்பு 1948இல்தான் வந்தது. அதைக் காண கார்ல் இருக்கவில்லை. நாட்டை விட்டே போய்விட எண்ணிய அவர் 1946இல் மெக்சிக்கோவில் காலமானார்.

இங்கே பலரும் தொடாமல் விடும் ஒன்றைச் சொல்ல வேண்டும். கார்ல் ஹான்ஸ்பெரி பணம் சேர்த்தது எப்படி? பெரிய கட்டடங்களைச் சிறு சிறு அறைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஓர் அடுப்பை வைத்து, இடமில்லாமல் தவித்த கறுப்பினக் குடும்பங்களுக்கு வாடகைக்கு விட்டதன் மூலம். அதாவது நாடகத்தில் லேனாவின் குடும்பம் எந்த வகையான பொந்திலிருந்து தப்ப முயல்கிறதோ, அந்த வகையான பொந்துகளின் சொந்தக்காரர் ஆசிரியரின் தந்தை. இந்த உண்மையை வைத்துப் படிக்கும்போது வோல்டரின் பணவெறி வெறும் பலவீனமாகத் தோன்றுவதில்லை. பூட்டிய ஊருக்குள் முன்னேற வேண்டுமாயின் தன் இனத்தவனின் நெருக்கடியிலிருந்தே காசு பண்ண வேண்டும். வாடகை அறையானாலென்ன, மதுக்கடையானாலென்ன. மகள் தன் வகுப்பை எவ்வளவு கூர்மையாக உள்ளிருந்து கண்டிருக்கிறார் என்பதை இதிலிருந்து உணரலாம்.

இந்த வகுப்பை மிகக் கடுமையாகச் சாடியவர் சமூகவியலாளர் ஈ. பிராங்ளின் ஃப்ரேசியர். அவரது 'கறுப்பு பூர்ஷ்வா' 1955இல் பிரெஞ்சிலும் 1957இல் ஆங்கிலத்திலும் வந்தது. சொத்தில்லாமலே சொத்துள்ளவன் போல நடிக்கும் மாய உலகில் இவர்கள் வாழ்கிறார்கள் என்பது அவரது குற்றச்சாட்டு. மல்கமின் கேலியும் இதே திசையில்தான் செல்கிறது. நமது முற்போக்கு விமர்சகர்களுக்கும் இது இனிக்கும். எனக்கு இதில் பாதி உடன்பாடு. நடிப்பு இருந்தது. ஆயினும் நடித்தவனைப் பார்த்துச் சிரித்த அளவுக்கு, அவனுக்குச் சொத்து சேரவிடாமல் தடுத்த வரைபடத்தையும் கடன் கந்தோரையும் ஃப்ரேசியரின் நூல் குறிவைக்கவில்லை. அந்த வகையில் 28 வயதுப் பெண்ணின் நாடகம் பேராசிரியரின் நூலைவிட ஆழமான சமூகவியல்.

நாடகத்தின் முடிவு மகிழ்ச்சியானது என்று சிலர் குறைப்பட்டனர். எஞ்சிய பணத்தை, தங்கையின் படிப்புக்கானதையும் சேர்த்து, வோல்டர் நம்பிக் கொடுக்க நண்பன் சுருட்டிக்கொண்டு போகிறான். வராதிருக்கப் பணம் தருகிறேன் என்று வெள்ளையர் சங்கத்து லின்ட்னர் வருகிறார். குரலை உயர்த்தாத, மரியாதை தெரிந்த மனிதர். நாடகத்தில் என்னை அதிகம் கலங்கவைத்த பாத்திரமும் அவர்தான். வோல்டர் கடைசியில் மறுக்கிறான், குடும்பம் புறப்படுகிறது, தாய் வெயில் காணாத தன் பூச்செடியை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்துகிறாள். புது வீட்டை மேடையில் நாம் காண்பதில்லை. அங்கே கல்லெறி காத்திருக்கிறது என்பதை ஆசிரியர் தன் சிறுவயதிலேயே கண்டவர். இதை எப்படி மகிழ்ச்சியான முடிவு என்பது?

கிளைபோர்ன் பார்க் போன்ற ஊர்களுக்குப் பின்னர் என்ன நேர்ந்தது என்பதை மேரி பட்டில்லோவின் 'பிளாக் பிக்கெட் ஃபென்சஸ்' (1999) காட்டுகிறது. சிக்காகோவின் தெற்கில், குரோவ்லாண்ட் எனப் புனைபெயரிட்ட ஊரில் பல ஆண்டுகள் பழகி எழுதிய ஆய்வு நூல். இலக்கியமல்ல, எனினும் பல நாவல்களைவிட மனிதர்கள் இதில் உயிரோடு நடமாடுகிறார்கள். வெள்ளை நடுத்தர வர்க்கம் வறுமையிலிருந்து நெடுந்தூரம் விலகி வாழ முடிகிறது. கறுப்பின நடுத்தர வர்க்கம் வறுமைப்பட்ட பகுதியை ஒட்டியே வாழ வேண்டியிருக்கிறது என்பது அவரது கண்டறிதல். ஆசிரியை, எழுதுவினைஞர், தபால் ஊழியர் ஆகியோரின் தெரு அது. ஒரே திண்ணையில் தேவாலயப் பாடகனும் போதைக் கும்பல்காரனும் இருப்பார்கள், இருவரும் மச்சான்மார். கும்பல் தலைவனே தெருவின் அமைதியையும் காக்கிறான். பெற்றோர் எத்தனை புத்தகம் வாங்கிக் கொடுத்தாலும் பிள்ளையின் வழியில் இரண்டு தெருக்களும் குறுக்கிடுகின்றன.

எல்லா நகரமும் ஒன்றல்ல. அட்லாண்டாவில், அடிமையாகப் பிறந்த அலொன்சோ ஹேர்ண்டன் 1905இல் தொடங்கிய காப்புறுதிக் கம்பனி, 1921இல் தோன்றிய கறுப்பின வங்கி, மோர்ஹவுஸ், ஸ்பெல்மன் போன்ற கல்லூரிகள் என்பன முன்னரே வேரூன்றியிருந்தன. எனவே கொலியர் ஹைட்ஸ் என்ற புறநகரை 1950களில் கறுப்பினத்தாரே காணி வாங்கி, வரைந்து, கட்டி, கடனும் கொடுத்து உருவாக்க முடிந்தது. 1973இல் மேனார்ட் ஜக்சன் நகரபிதாவாகத் தெரிவானபின் விமான நிலைய ஒப்பந்தங்களில் சிறுபான்மையினருக்குப் பங்கு கேட்டு வாங்கினார். அதற்காக அட்லாண்டாவைச் சொர்க்கமாக்க வேண்டாம். 1962இல் கறுப்பினத்தார் நகர்ந்து வருவதைத் தடுக்கத் தெருவுக்குக் குறுக்கே நகரசபை தடுப்பு எழுப்பியதும் அங்கேதான். அடுத்த ஆண்டு நீதிமன்றம் அதை அகற்றியது. வொஷிங்டனை அடுத்த பிரின்ஸ் ஜோர்ஜஸ் மாவட்டம் அரசாங்க உத்தியோகத்தால் செழித்தது. 1990 குடிசனக் கணக்கில் கறுப்பினத்தார் அங்கே பெரும்பான்மையாகினர். 2008 நெருக்கடியில் வீடுகள் ஏலம் போனபோது அந்தச் செழிப்பும் பலமாக அடிபட்டது. கறுப்பின, ஹிஸ்பானியக் கடனாளிகளிடம் கூடிய கட்டணம் வாங்கியதாகவும், அவர்களைப் பாதகமான கடன்களின்பால் திருப்பியதாகவும் எழுந்த குற்றச்சாட்டுக்காக வெல்ஸ் ஃபார்கோ வங்கி 2012இல் 175 மில்லியன் டொலருக்கு மேல் செலுத்த இணங்கியது. அன்று கடன் மறுப்பு. இன்று கெட்ட கடன்.

இந்த 2008இலேயே நிகழ்கிறது எனது இரண்டாவது படைப்பான 'த டேர்னர் ஹவுஸ்'. அஞ்செலா ஃப்ளர்நோயின் முதல் நாவல், 2015இல் வெளிவந்தது. டிட்ரொயிட்டின் கிழக்கில் யரோ வீதியில் ஒரு வீடு. அதில் வளர்ந்தவர்கள் பதின்மூன்று பிள்ளைகள். ஆர்க்கன்சோவிலிருந்து வந்த தகப்பன் உழைத்து வாங்கியது. இப்போது அதன்மீதுள்ள கடன் 40,000 டொலர். விற்றால் கிடைப்பது 4,000. 1950இல் பதினெட்டு இலட்சத்துக்கு மேல் மக்கள் வாழ்ந்த டிட்ரொயிட்டில் 2010இல் எஞ்சியோர் ஏறத்தாழ ஏழு இலட்சம். அயல் வீடுகள் பாழடைந்து கிடக்கின்றன. மூத்தவன் சாச்சா லொறிச் சாரதி. சிறுவயதில் தன்னோடு மல்லுக்கட்டிய ஆவி மீண்டும் வந்துவிட்டதாக நம்புகிறான். கடைக்குட்டி லீலா சூதாட்டத்தில் தோற்று, வாடகை வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்டு, யாருக்கும் தெரியாமல் அந்த வெற்று வீட்டில் படுக்கிறாள். பொலிஸ்காரனான ஒரு மகன் வீட்டைத் தன் காதலியின் பெயருக்கு மாற்றித் தந்திரமாக மீட்கப் பார்க்கிறான்.

ஆவியின் பகுதி நாவலுக்குச் சற்றுப் பாரமாகவே இருக்கிறது. சாச்சாவின் உளவள ஆலோசனை அத்தியாயங்களைப் பாதியாக்கியிருக்கலாம். ஆனால் சகோதரர்கள் கூடியிருந்து வீட்டை என்ன செய்வதென்று வாதிடும் பகுதி அபாரம். எல்லோரும் விலையைப் பேசுகிறார்கள். ஒருவரும் விலையைப் பேசவில்லை. லேனா முற்பணம் கட்டிய அந்த நம்பிக்கை ஐம்பது ஆண்டுகளின் பின் எங்கே வந்து நிற்கிறது என்பதை இவ்விரண்டையும் அடுத்தடுத்துப் படிப்பவர் காண்பார். 2022ஆம் ஆண்டின் மத்திய வங்கிக் கணக்கெடுப்பில் வெள்ளைக் குடும்பத்தின் இடைநிலைச் சொத்து 285,000 டொலர். கறுப்பினக் குடும்பத்தினது 44,900. இந்த இடைவெளியின் பெரும்பகுதி யரோ வீதி போன்ற தெருக்களில் புதைந்திருக்கிறது.

ஹான்ஸ்பெரி 1965 ஜனவரியில் 34 வயதில் புற்றுநோயால் இறந்தார். ஹார்லெமில் நடந்த அவரது இறுதி நிகழ்வுக்கு மல்கம் எக்ஸ் வந்திருந்தார். அடுத்த மாதம் 14ஆம் திகதி மல்கமின் குடும்பம் உறங்கிய வீட்டின்மீது தீக்குண்டு எறியப்பட்டது. அந்த வீட்டின் உறுதி அவர் பெயரில் இல்லை; அவர் விட்டு விலகிய இயக்கத்துக்குச் சொந்தமானது, வெளியேற்றும்படி வழக்கும் நடந்து கொண்டிருந்தது. ஒரு வாரத்தில் அவரும் கொல்லப்பட்டார். அவரது சுயசரிதையை மறுபடி எடுப்பவர்கள் மக்கா அத்தியாயத்துக்கு முன் ரொக்ஸ்பரிப் பக்கங்களையும், எல்லா வருகிற இடங்களையும் ஒருமுறை சேர்த்துப் படித்துப் பார்க்கட்டும்.