விட்ட அலையும் கணக்கில் உண்டு

மாமல்லபுரத்தில் அலைச்சறுக்குப் போட்டி நடக்கும்போதெல்லாம் கரையில் நிற்கிற கூட்டம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறது. பார்க்க நன்றாகவே இருக்கும் ஓர் அலை வருகிறது. எதிராளி இரண்டு கையாலும் தண்ணீரைத் துழாவிக்கொண்டு பாய்கிறார். நம் குப்பத்துப் பையனோ பலகைமேல் உட்கார்ந்தபடியே அதைத் தன் காலுக்கடியில் போகவிடுகிறார். "ஏன்டா விட்டே?" என்று கரை கத்துகிறது. நேரலையில் பேசுகிறவர்கள் அதைத் தயக்கம் என்கிறார்கள். கொஞ்சம் கருணை உள்ளவர்கள் அனுபவக் குறைவு என்கிறார்கள். இரண்டுமே தப்பான வாசிப்பு. இந்தப் பையன்கள் ஆடுகிற ஆட்டத்தில் மிகத் தேர்ந்த பகுதி அவர்கள் விட்டுவிடுகிற அலைகளில்தான் இருக்கிறது. நான் இந்தக் கரைக்கு வேண்டியவன், அதை மறைக்கவில்லை. 2019இல் செங்கல்பட்டு தனி மாவட்டமாகும்வரை கோவளமும் மாமல்லபுரமும் காஞ்சிபுரம் மாவட்டத்துக் கடல்தான். பல்லவர் காலத்தில் காஞ்சிக்கு வாசலாக இருந்த துறைமுகமும் மாமல்லபுரம்தான். ஆனால் இந்த வாதத்துக்கு ஊர்ப்பாசம் தேவையில்லை, கடலையும் விதிகளையும் பார்த்தாலே போதும்.

ஒருவரை மட்டும் எடுத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம், போட்டிகளை விடாமல் பார்ப்பவர்களுக்கு அவர் உட்காரும் விதத்திலேயே ஆள் தெரிந்துவிடும். மற்றவர்கள் அலை உடைகிற வரிசையை ஒட்டி நெருக்கியடித்துக்கொண்டிருக்க, இவர் இன்னும் சற்று வெளியே, சற்றுத் தெற்கே தள்ளி உட்காருவார். எதிராளியைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. முகவாய் தென்கிழக்கு நோக்கியே இருக்கும். தூரத்தில் தண்ணீர் கருத்துத் தடித்ததும் மற்றவர்கள் பலகையைக் கரைப்பக்கம் திருப்புவார்கள். இவர் கடலை நோக்கி இரண்டு மூன்று முறை துழாவி முன்னே போவார். முதல் அலை அடியில் போகும். பெரும்பாலும் இரண்டாவதும் போகும். அந்த இரண்டுக்கும் அவர் உடம்பில் ஓர் அசைவும் இருக்காது, உள்ளங்கை மட்டும் தண்ணீரில் படர்ந்து பலகையை நேராக வைத்துக்கொண்டிருக்கும். மூன்றாவது எழும்போது ஒரே திருப்பு, நான்கைந்து துழாவல், நின்றுவிட்டார். இதைத்தான் நாம் தயக்கம் என்று எழுதுகிறோம்.

அந்த மூன்றாவது அலை எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை நம் கரைக்கு வரும் நல்ல அலைகள் பலவும் நம் காற்றில் பிறந்தவை அல்ல. இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் வீசும் புயல்கள் கிளப்பி, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து, பல நாள் பயணத்தில் ஒழுங்குபட்டு வருபவை. அப்படி வருபவை தனித்தனியாக வருவதில்லை. சில பெரிய அலைகள் சேர்ந்தாற்போல் வரும், பிறகு கடல் அடங்கும், மறுபடி ஒரு கூட்டம் வரும். கூட்டத்தின் முதல் அலையில் ஏறுகிறவர் ஒரு பெரிய பந்தயம் கட்டுகிறார். அது சரியாக அமையாவிட்டால், திரும்பி வரும் வழியில் இரண்டாவதும் மூன்றாவதும் அவர் தலைமேல் உடையும். அதே நேரத்தில், முதல் அலை கடலின் மேல்பரப்பில் இருக்கிற சில்லறைச் சலசலப்பைத் துடைத்துவிட்டுப் போவதால் பின்னால் வருகிறவற்றின் முகம் வழவழப்பாக இருக்கும். காலையில் மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசிக்கொண்டிருக்கும்வரை இந்த ஒழுங்கு தெளிவாகத் தெரியும். பகல் ஏறிக் கடற்காற்று உள்ளே திரும்பியதும் கலங்கிவிடும். காலை ஹீட்டுகளில் (போட்டிச் சுற்றுகளில்) நம் வீரர் அதிகம் காத்திருப்பதும், பிற்பகலில் அவரே குறைவாகக் காத்திருப்பதும் இதனால்தான். பயந்தவருக்குக் காலை, பிற்பகல் என்று கணக்கு இருக்காது.

விதிகளும் அவர் பக்கமே நிற்கின்றன. ஒரு ஹீட்டில் எத்தனை அலை ஏறினாலும் சேர்வது மிகச் சிறந்த இரண்டின் மதிப்பெண் மட்டும். ஐந்து நடுவர்கள் பத்துக்கு மதிப்பிட்டு, உச்சத்தையும் அடியையும் தள்ளிவிட்டு மீதியின் சராசரியை எடுக்கிறார்கள் என்பது இந்தப் பத்தியின் வாசகர்களுக்குத் தெரிந்ததுதான். ஆக எட்டு சுமாரான அலை ஏறியவருக்கு ஆறு அலை வீண். அந்த ஆறுக்கும் கரைவரை போய், வெண்ணுரையை மோதிக் கடந்து திரும்பி வந்த கைகளுக்கு மட்டும் கணக்கு உண்டு. கரையையும் உடலையும் சேர்த்து நெய்கிற கோர்வைப் புடவையை நாடா எத்தனை முறை ஓடியது என்று எண்ணி யாரும் விலை போடுவதில்லை, கரை உடலோடு சேர்ந்திருக்கிறதா என்றுதான் பார்க்கிறோம். அலைச்சறுக்கை மட்டும் ஓட்டத்தை எண்ணி மதிப்பிடுகிறோம். இருவர் மோதும் சுற்றுகளில் முன்னுரிமை என்று ஒன்று இருக்கிறது. அது கையில் இருப்பவர் கேட்கிற அலை அவருடையது. ஆனால் துழாவிப் போய்த் தவறவிட்டாலே அது கைமாறிவிடும். முன்னுரிமையோடு உட்கார்ந்து ஓர் அலையை விடுகிறவர், எதிராளிக்கு அந்தச் சுமாரான அலையைக் கொடுத்து அவரைக் கரைக்கு அனுப்பிவிட்டு, அடுத்த கூட்டம் வரும்போது உடையும் இடத்தில் தனியாக இருக்கிறார். தடுப்பாட்டமும் தாக்குதலும் சேர்ந்த முடிவு இது. நமக்குத் தெரிவது எதிராளி ஏறியது மட்டும்.

இந்தப் பொறுமை எங்கிருந்து வந்தது என்பதில்தான் எனக்கு அதிக அக்கறை. சோழமண்டலக் கரை திறந்த கரை. இயற்கைத் துறைமுகம் என்று சொல்லிக்கொள்ள அதிகம் இல்லை, அலை நேரே மணலில் வந்து அறைகிறது. இங்கே மீன் பிடிக்கப் போகிறவனுக்கு முதல் ஆபத்து ஆழ்கடலில் இல்லை, கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் அலை உடைகிற அந்தப் பட்டையில் இருக்கிறது. கட்டுமரத்தை முழங்கால் தண்ணீரில் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். பெரிய கூட்டம் வந்து போகும்வரை தள்ளமாட்டார்கள். கடல் மூச்சு வாங்குகிற நேரம் பார்த்துத் தள்ளி, ஏறி, அடுத்த கூட்டத்துக்குள் பட்டையைக் கடந்துவிட வேண்டும். நேரம் தப்பினால் கயிற்றால் கட்டிய அந்தக் கட்டைகளே ஆளைத் திருப்பி அடிக்கும். திரும்பி வரும்போதும் வெளியே நின்று, பெரியவற்றை விட்டு, வாகான ஒன்றின் முன்முகத்தில் சறுக்கிக்கொண்டு கரையேறுவார்கள். பலகை என்ற ஒன்று இந்தக் கரைக்கு வருவதற்கு முன்பே அலைமேல் சறுக்குவது இங்கே தினசரி வேலை. சென்னைக்குத் துறைமுகம் இல்லாத காலத்தில் கப்பல்கள் தூரத்தில் நங்கூரமிட, ஆளையும் சரக்கையும் கரை சேர்த்தவை மசூலாப் படகுகள். ஆணியில்லாமல் கயிற்றால் பலகைகளைத் தைத்த படகு, அலை அறைந்தால் உடையாமல் நெளியும். படகின் நெளிவு பாதி என்றால், பின்னால் நின்று திசைத்துடுப்பைப் பிடித்தவரின் கண் மீதி. எந்த அலையோடு போவது, எதை விடுவது என்பதை அவர்தான் முடிவு செய்தார். நம் வீரர் பலகைமேல் உட்கார்ந்து செய்வதும் அதே முடிவுதான்.

கோவளத்தில் 2013இல் தொடங்கிய அலைச்சறுக்கு விழாவும், மாமல்லபுரத்தின் ஆகஸ்ட் போட்டிகளும் வெளியூர்க்காரர் கொண்டுவந்த கேளிக்கை என்று நினைப்பவர்கள் இதைத்தான் தவறவிடுகிறார்கள். இந்தக் கரைக்கு விழா புதிதில்லை: மாசி மகத்துக்குப் பெருமாள் தீர்த்தவாரிக்குக் கடலுக்கு வருகிறார், இருளர்கள் மணலில் குடில் போட்டுக் கன்னியம்மனைக் கும்பிட்டுக் கல்யாணம் நடத்துகிறார்கள். இசைமேடையும் ஒலிபெருக்கியும் ஸ்பான்சர் பலகையும் எத்தனை வந்தாலும், தண்ணீருக்குள் நடப்பது குப்பத்தின் பழைய தொழிலறிவு போட்டியாக மாறிய ஒன்று. பெரு நாட்டின் உவான்சாக்கோவில் மீனவர்கள் நாணலால் கட்டிய படகில் அலைமேல் சறுக்கிக் கரையேறுவதை உலகமே அலைச்சறுக்கின் மூதாதை என்று கொண்டாடுகிறது. கட்டுமரத்துக்கு அந்த மரியாதையை நாம் இன்னும் கொடுக்கவில்லை.

மறுப்புகள் இருக்கின்றன, லேசானவை அல்ல. முதலாவது: காத்திருந்தே தோற்றவர்கள் உண்டே? உண்டு. 2024 ஒலிம்பிக்கில் தஹித்தியில் ஓர் அரையிறுதியில், உலகின் தலைசிறந்தவர்களுள் ஒருவர் ஒரே ஓர் அலையோடு நின்றுபோனார். இரண்டாவது அலை வரவேயில்லை, நேரம் முடிந்தது. ஆனால் அதை முடிவின் பிழை என்பது விளைவை வைத்து முடிவை மதிப்பிடுவது. அந்த நாளில் கடல் அடங்கிவிட்டது. கூட்டமே வராத கடலில் பொறுமைக்கும் அவசரத்துக்கும் ஒரே கூலி. அந்த உதாரணம் நமக்குச் சொல்வது வேறு: காத்திருப்பவருக்குக் கடிகாரமும் தெரிந்திருக்க வேண்டும். நம் வீரர்கள் உண்மையிலேயே கோட்டைவிடுவது இங்கேதான். குப்பத்தில் கடிகாரம் இல்லை. கடல் இடம் கொடுக்கும்வரை நிற்கலாம். போட்டியில் கடைசி ஐந்து நிமிடத்தில் சுமாரான அலையும் நல்ல அலைதான். இதைப் பயிற்சியாளர்கள் சொல்லித்தரலாம், அதுவும் சீக்கிரமே.

இரண்டாவது மறுப்பு: நடுவர்கள் கடலறிவுக்கு மதிப்பெண் போடுவதில்லை, திருப்பங்களின் கடினத்துக்கும் வேகத்துக்கும் வகைக்கும்தான் போடுகிறார்கள். சரி. ஆனால் சப்பையான அலையில் எந்தத் திருப்பமும் பெரிதாக வராது. அலை கொடுக்கிற உயரத்துக்குள்தான் வீரர் ஆட முடியும். திருப்பங்களில் ஜப்பான், இந்தோனேசிய வீரர்களைவிட நாம் பின்தங்கியிருக்கிறோம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அதனால்தான் அலைத்தேர்வு நமக்கு இரட்டிப்பு முக்கியம். அவர்களைப் போல் எல்லா அலையிலும் ஏறினால், அவர்கள் பலமாக இருக்கிற இடத்தில் போய் மோதுகிறோம். இன்னொரு பேச்சும் உண்டு, மீனவ ரத்தத்தில் ஊறியது என்று. அதை நான் ஏற்கவில்லை. ரத்தத்தில் எதுவும் இல்லை. சிறுவயதிலிருந்து தினமும் கரையில் நின்று, அப்பா எப்போது தள்ளுகிறார், எப்போது நிற்கிறார் என்று பார்த்து வளர்ந்த கண்தான் அது. பார்த்துக் கற்றது என்பதால் மறக்கவும் முடியும்.

அந்த மறதி ஏற்கெனவே தொடங்கிவிட்டது. சுனாமிக்குப் பிறகு கரை முழுக்க ஃபைபர் படகும் இன்ஜினும் வந்துவிட்டன. இன்ஜின் படகையும் அலையைப் பார்த்துத்தான் ஓட்ட வேண்டும், ஆனால் தப்பான நேரத்தை அதன் விசை ஓரளவு மன்னிக்கும். கட்டுமரம் மன்னித்ததில்லை. இன்று முப்பதை நெருங்கும் வீரர்கள் கட்டுமரத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள். இப்போது பன்னிரண்டு வயதில் பலகை ஏறுகிறவர்கள் யூடியூபில் வெளிநாட்டுத் திருப்பங்களைப் பார்த்து வளர்கிறார்கள். இன்னும் பத்தாண்டில் நம் வீரர்கள் திருப்பத்தில் மேலேறி, தேர்வில் கீழிறங்குவார்கள் என்பது என் கணிப்பு. கரை அப்போது கைதட்டும், தாக்குதல் குணம் வந்துவிட்டது என்று எழுதுவார்கள். தரவரிசை அதற்கு ஒத்து வராது.

கிட்டத்தில் இருப்பதற்கு வருவோம். 2025 ஆகஸ்ட்டில் ஆசியச் சாம்பியன்ஷிப்பை மாமல்லபுரமே நடத்தியது. 2026 செப்டம்பரில் ஜப்பானின் ஐச்சி–நகோயாவில் ஆசிய விளையாட்டில் அலைச்சறுக்கு முதல்முறையாக இடம்பெறுகிறது. செப்டம்பர் அங்கே சூறாவளிக் காலம். சூறாவளி தூரத்தில் இருந்தால் நம் கரையில் வருவதைப் போலவே அலைகள் கூட்டங்கூட்டமாக வரும், நம் காத்திருப்பு பலன் தரும், ஆரம்பச் சுற்றுகளில் பெரிய பெயர்கள் ஒன்றிரண்டு சரியும். சூறாவளி கிட்டே வந்தாலோ, அல்லது கடல் சும்மா கிடந்தாலோ, நாம் மூன்றாம் சுற்றைத் தாண்டுவது கடினம். 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்குக்குக் குறித்திருக்கும் டிரெஸ்டில்ஸ் இன்னும் கடினமான இடம்: அங்கே அலை ஒழுங்காக, ஓயாமல் வரும், எல்லாருக்கும் நல்ல அலை கிடைக்கிற இடத்தில் தேர்ந்தெடுப்பவருக்கு லாபம் குறைவு. ஆகவே நம் பதக்க வாய்ப்பு நகோயாவில்தான், அதுவும் காலை ஹீட்டுகளில்தான். அதற்கு முந்தைய தேர்வுப் போட்டிகளில், முதல் பத்து நிமிடம் ஓர் அலையும் ஏறாத வீரரைக் கழித்துக்கட்டிவிடாதீர்கள். அவர் எந்த அலைகளை விட்டார், விட்ட பிறகு எங்கே நகர்ந்து உட்கார்ந்தார் என்று குறித்துவையுங்கள். அணியில் அவரைச் சேர்த்து, கடலும் கூட்டங்கூட்டமாக அலை தந்தால் கால் இறுதி நிச்சயம் என்பேன். சேர்க்காவிட்டால் இரண்டாம் சுற்றோடு பெட்டி கட்ட வேண்டியிருக்கும்.