பவலின் நாட்குறிப்பு: உருவமும் உண்மையும்

அமெரிக்கப் புவிச்சரிதவியலாளரும் இனவியலாளருமான ஜோன் வெஸ்லி பவல் (1834–1902), 1869இல் ஒன்பது தோழருடன் நான்கு படகுகளிற் புறப்பட்டுக் கொலராடோ ஆற்றின் பெரும் பள்ளத்தாக்கைக் கடந்தார். 1875இல் வெளிவந்த அவரது பயண நூல் நாட்குறிப்பாக அமைந்தது. வாசகர் அதனை அன்றன்று எழுதப்பட்டதாகவே கொள்வர். ஆயின், 1871–72இல் நிகழ்ந்த இரண்டாம் பயணத்தின் அனுபவங்களும் 1869க்குரியனவாக அதனுட் புகுத்தப்பட்டுள்ளன. அப்பயணத்தில் உடன் உழைத்தோர் பலரின் பெயர்கள் நூலில் இல்லை.

இதனை வெறும் இலக்கிய உத்தியென விட்டுவிடல் பொருந்தாது. நாட்குறிப்பு வடிவம் வாசகரின் நம்பிக்கையைக் கோருவது. இங்கு அவ்வடிவத்தின் ஒருமைக்காகப் பிறர் உழைப்பு மறைக்கப்பட்டது.

மெய்ம்மையை முன்வகுத்த சட்டகத்துள் அடக்கும் இப்போக்கு அவரது இனவியலிலும் உண்டு. பையூட் மக்களின் மொழியையும் கதைகளையும் அக்கறையுடன் திரட்டியவர், மோர்கனைப் பின்பற்றி, காட்டுமிராண்டி நிலை, அநாகரிக நிலை, நாகரிக நிலை என்னும் படிவரிசையிலேயே பழங்குடிகளை நோக்கினார்.

ஆனால் நிலத்தை அவர் அவ்வாறு நோக்கவில்லை. வறண்ட நிலங்கள் பற்றிய 1878ஆம் ஆண்டு அறிக்கையில், 160 ஏக்கர் குடியேற்ற முறை நீர் குறைந்த மேற்கிற்கு ஒவ்வாதென வாதிட்டார். திட்டத்தைத் திருத்தும் உரிமையை நிலத்திற்கு வழங்கிய பவல், அவ்வுரிமையை மனிதருக்கு வழங்கத் தவறினார். அவரது எழுத்துக்களின் பெருமையும் குறையும் இம்முரணிலேயே தங்கியுள்ளன.