வரிசையும் ஒரு விமர்சனம்

என் கவிதைத் தொகுதிக்கான பிரதியைப் படித்துவிட்டு நண்பர் ஒருவர் - அவரும் கவிஞர் - சொன்னார்: 'எழுதிய வருஷப்படி அடுக்கிவிடுங்கள். நல்ல கவிதை எந்தப் பக்கத்தில் இருந்தாலும் நல்ல கவிதைதானே.' நம் வட்டத்தில் யாரும் சுலபமாகத் தலையாட்டிவிடக்கூடிய வார்த்தை. எனக்குச் சம்மதமில்லை. ஏன் என்பதைக் கவிதையை வைத்தே சொல்லப் பார்த்து, அன்று தோற்றுப்போனேன். ஓர் அமெரிக்க ராக் குழுவின் ஒரு ராத்திரிக் கச்சேரியை வைத்துச் சொல்ல முடியும் என்று இப்போது படுகிறது.

கிரேட்ஃபுல் டெட் குழு 1965இல் தொடங்கி, 1995இல் ஜெர்ரி கார்ஸியா இறக்கும்வரை முப்பது வருஷம் மேடையில் இருந்தது. நீண்ட நாள் வாழும் எந்தக் குழுவுக்கும் பிரச்னை அதன் சொந்தக் கடந்தகாலம்தான். கேட்பவன் தனக்குத் தெரிந்ததைக் கேட்க வருகிறான். பாடுகிறவனுக்கோ இன்னும் தெரியாத ஒன்று வேண்டியிருக்கிறது. இதற்குச் சுலபமான வழிகள் இரண்டு. புகழ்பெற்ற பாட்டுகளைத் தினமும் ஒரே வரிசையில் ஒப்பிப்பது ஒன்று. புதிய இசைத்தட்டைப் பாடிவிட்டுக் கடைசியில் பழைய பாட்டு இரண்டைப் பிச்சையாகப் போடுவது மற்றது. இரண்டிலும் பாட்டு என்பது கிடங்குச் சரக்கு.

இவர்கள் மூன்றாவது வழியில் போனார்கள். அடுத்த பாட்டு எது என்பது பெரும்பாலும் மேடையிலேயே தீர்மானமாயிற்று. கேட்பவர்கள் ஒலிநாடாவில் பதிவு செய்துகொள்ளவும் விட்டார்கள். 1984 முதல் அவர்களுக்கென்று அரங்கில் தனி இடமே உண்டு. நேற்றைய நாடாவைக் கையில் வைத்திருப்பவன் எதிரே உட்கார்ந்திருக்கும்போது நேற்றைய வரிசையை இன்று திருப்பிச் சொல்ல முடியாது. இவர்களுடைய சுதந்திரத்துக்குப் பின்னால் இந்த நிர்ப்பந்தமும் இருந்தது.

1977 மே 8, கார்னெல் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் ஹால். முதல் பாதியில் பாப் வியர் ஒன்று, கார்ஸியா ஒன்று என்று மாறிமாறிப் பாடுகிறார்கள். வியர் பாடும் எல்லைப்புறத்துத் துப்பாக்கிக் கதை, கார்ஸியா பாடும் தோற்றவனின் புலம்பல். ஒருவர் குரல் சலிப்பதற்குள் மற்றவர் குரல் வந்துவிடுகிறது. பாட்டுகள் தனித்தனியாக நிற்கின்றன, கைதட்டல் இடைவெளியோடு. இது குரலையும் காதையும் பதப்படுத்துகிற வேலை.

இரண்டாம் பாதியில் இடைவெளிகள் கரைகின்றன. 'ஸ்கார்லட் பெகோனியாஸ்' 1974இன் பாட்டு; அது முடிவதாகத் தெரியவில்லை. அதன் சுருதியிலேயே நின்று, இரண்டே ஸ்வரக்கட்டுகளுக்கிடையே ஊசலாடி, 'ஃபயர் ஆன் த மௌண்டன்' என்ற புதுப்பாட்டாகிறது. அந்தப் புதுப்பாட்டு மேடையேறி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. தெரிந்த பாட்டின் கையைப் பிடித்துக்கொண்டு தெரியாத பாட்டு உள்ளே வருகிறது. கேட்பவன் எந்த நிமிஷத்தில் எல்லையைத் தாண்டினான் என்பது அவனுக்கே தெரியாது.

பிறகு 1969இல் வெளியான 'செயிண்ட் ஸ்டீஃபன்.' அதைப் பாதியில் பிளந்து நடுவே பட்டி ஹாலியின் 'நாட் ஃபேட் அவே'யை வைக்கிறார்கள். கடைசியில் 'மார்னிங் ட்யூ.' போனி டாப்ஸன் என்ற பெண் எழுதியது, அணுயுத்தத்துக்குப் பின் மிஞ்சிய இருவர் பேசிக்கொள்வது. அன்பு மங்காது என்று உரத்து அடித்துச் சொன்ன பாட்டுக்குப் பின், எல்லாம் மங்கிய உலகில் தயங்கித் தயங்கி ஒரு குரல். இந்த அர்த்தம் முதல் பாட்டிலும் இல்லை, அடுத்ததிலும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. ராத்திரியின் உச்சத்தில் நிற்பது இவர்கள் எழுதிய பாட்டு அல்ல என்பதையும் கவனிக்க வேண்டும். வரிசைக்கு எது தேவையோ அது வருகிறது. சொந்தச் சரக்கா என்ற கேள்வி எழவில்லை.

நமக்கு இது அந்நியமில்லை. வர்ணத்தில் தொடங்கிச் சில்லறை உருப்படிகளில் முடியும் கச்சேரி பத்ததியை அரியக்குடி ராமானுஜ அய்யங்கார் நிலைநிறுத்தியதும் இதே பிரச்னைக்கு விடையாகத்தான். இந்தக் குழுவின் இரண்டாம் பாதியில் மற்றவர்கள் விலகிவிட, தாளக்காரர்கள் இருவர் மட்டும் வாசிக்கும் பகுதியைக் கேட்டால் தனி ஆவர்த்தனம் நினைவுக்கு வராமல் போகாது. அவர்களில் ஒருவரான மிக்கி ஹார்ட் 1991இல் 'ப்ளானட் ட்ரம்' இசைத்தட்டில் நம் கடம் விநாயக்ராமையும் ஜாகிர் ஹுசேனையும் சேர்த்துக்கொண்டார்.

ஆனால் பத்ததி இறுகும். 1978க்குப் பின் இவர்களுக்கும் இறுகிற்று. தாளம், அதன்பின் உருவமற்ற ஒலிப்பரப்பு, அதன்பின் கார்ஸியாவின் மெதுவான பாட்டு, கடைசியில் வியரின் துள்ளல் - பழகிய காது கடிகாரம் பார்க்காமலே அடுத்ததைச் சொல்லிவிடும். அச்சுக்குள் என்ன ஊற்றினாலும் அச்சின் உருவம்தான். இதை மறைத்து இவர்களைப் புகழ்வது வெறும் ரசிக மனோபாவம்.

அந்த இறுக்கத்தின் நடுவிலும் ஒன்று செய்தார்கள். 'டார்க் ஸ்டார்' இவர்களுடைய பெரிய பாட்டு, நூற்றுக்கணக்கான முறை வாசிக்கப்பட்டது. 1984 ஜூலைக்குப் பிறகு அதைத் தொடவே இல்லை. 1989 அக்டோபரில் ஹாம்ப்டன் நகரில் திரும்ப எடுத்தார்கள். இடைப்பட்ட ஐந்து வருஷமும் ஒவ்வொரு வரிசையிலும் அந்தப் பாட்டு இல்லாத இடமாக இருந்துகொண்டுதான் இருந்தது. எதை வைக்காமல் விடுகிறோம் என்பதும் வரிசைதான்.

ஆக, நண்பருக்கு என் பதில் இது. கால வரிசை என்பது நடுநிலை அல்ல. தீர்மானிக்கிற பொறுப்பைக் காலண்டரிடம் தள்ளிவிடுவது. ஒருவன் தன் எழுத்தின்மேல் செய்யக்கூடிய நேர்மையான விமர்சனம் முன்னுரையில் வருவதில்லை. எதற்குப் பின் எதை வைத்தான், எதை விட்டான் என்பதில் வருகிறது. எழுதிய அன்று எனக்குத் தெரியாத உறவுகள் என் கவிதைகளுக்குள் இருக்கின்றன. அவற்றைக் கண்டுபிடிப்பதும் எழுதுவதுதான்.

தொகுதியை மறுபடி கலைத்தேன். கல்லூரி நாளில் எழுதிய எட்டு வரிக் கவிதை ஒன்று போன வருஷம் அப்பா இறந்தபின் எழுதியதற்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. அதுவரை அது எனக்கே புரிந்திருக்கவில்லை. பார்க்கிறவர்கள் எல்லோரும் எனக்கே ஒப்பித்துக் காட்டும் அந்தக் கவிதையை, நண்பருக்கும் பிடித்ததை, எடுத்துவிட்டேன். அது மோசமான கவிதை அல்ல. அது வந்த இடத்திலெல்லாம் மற்றவை வாயடைத்துப்போயின.

நண்பர் வருத்தப்படுவார். அடுத்த தொகுதியில் அதற்கு இடமிருக்கிறதா என்று பார்க்கலாம்.