ஒரே வெயில், இரண்டு மொட்டைமாடிகள்

சமையல் நூல்களையும் பெண்களின் எழுத்தாக வாசிக்க வேண்டும் என்று பெண்ணியம் நமக்குக் கற்றுத்தந்தது. தேவையான பாடம்தான். ஆனால் எந்தப் பெண்களின் எழுத்து என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. அதற்கு ஒரு சின்னச் சோதனை. ஐந்து கிலோ மாட்டுத் தொடைக்கறி ஒரே துண்டாக வீட்டுக்கு வந்திருக்கிறது. வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லை. என்ன செய்வது? உங்களிடம் இருக்கும் தமிழ்ச் சமையல் நூலில் தேடிப் பாருங்கள்.

1951இல் வெளிவந்த எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' தலைமுறைகளாக மணப்பெண்களுக்குப் பரிசாகப் போன நூல். பார்ப்பன வீட்டுச் சைவச் சமையலைச் சொல்லும் நூலில் மாட்டுக்கறியைத் தேடுவது நியாயமில்லை. என் குறை நூலின் மீதல்ல, நாம் அதை வைத்த இடத்தின் மீது. ஒரு சாதியின் அடுக்களை 'தமிழ்ப் பெண்களின் கைப்பக்குவம்' என்ற பொதுப்பெயரை எடுத்துக்கொண்டபோது நாம் யாரும் தடுக்கவில்லை.

வடாத்தையும் உப்புக்கண்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது விளங்கும். இரண்டுக்கும் உப்பு வேண்டும், வெயில் வேண்டும், காக்கை விரட்ட ஆள் வேண்டும், மேகம் கறுத்தால் ஓட ஒரு ஜோடிக் கால் வேண்டும். இரண்டிலும் ஈரத்தை வெளியேற்றுவதுதான் வேலை. ஒன்று மொட்டைமாடியில் வெள்ளை வேட்டி விரித்து ஊரறியக் காய்கிறது. பாட்டியின் நினைவாகப் பத்திரிகைகளில் வருகிறது. மற்றது கொல்லைப்புறத்தில், பார்வை படாத கொடியில் காய்கிறது. ஒரே அறிவு. ஒன்று கலை, மற்றது நாற்றம்.

அந்த அறிவு லேசானதல்ல. என் அம்மா செய்த முறையைச் சொல்கிறேன். கறி வந்த அன்றே எலும்பைப் பிரித்துவிடுவார். எலும்பும் ஈரலும் குடலும் அன்றைய உலைக்கு. சதையைத் தசை ஓடும் போக்கிலேயே விரல் தடிமனுக்கும் குறைவாக, நீள நீளமாகக் கீறுவார். துண்டு தடித்தால் உப்பும் வெயிலும் மேலோடு நின்றுவிடும். உள்ளே ஈரம் தங்கி, வெளியே காய்ந்ததுபோலத் தெரியும் கறி நடுவில் கெட்டுப்போகும். கொழுப்பை வழித்தெடுப்பார், அது சிக்கடிக்கும் என்பதால். கல்லுப்பும் மஞ்சளும் தடவி ஓர் இரவு வைத்து, மறுநாள் கயிற்றில் கோத்துத் தொங்கவிடுவார். பனி இறங்குமுன் உள்ளே எடுக்க வேண்டும். நான்கைந்து வெயிலில் மூன்று கிலோ ஒரு கிலோவாகச் சுருங்கும். வளைத்தால் முறிய வேண்டும், அதுதான் பதம். பிறகு பானையில் போட்டு மூடி, இடையிடையே மறுபடி வெயில் காட்டுவார். அடைமழை மாதத்தில், வேலையில்லாத நாளில், தணலில் சுட்டுக் கல்லில் தட்டி மொச்சைக் குழம்பில் போட்டால் வீட்டுக்கே ஒரு தெம்பு.

அச்சில் ஏறிவிட்டால் மட்டும் போதுமா? 1861இல் இங்கிலாந்தில் வெளியான இசபெல்லா பீட்டனின் இல்லற நிர்வாக நூலில் பெரிய மாட்டுக்கறித் துண்டைச் சுடுவதற்கும் உப்பில் ஊறவைப்பதற்கும் வழி இருக்கிறது. மிஞ்சிய கறியைப் புதிய உணவாக்கும் குறிப்புகளும் தனியாக இருக்கின்றன. ஆனால் நூல் பேசுவது எஜமானியிடம். கறியை உப்பில் புரட்டிய கைகள் சமையல்காரியுடையவை, அடுக்களை வேலைக்காரச் சிறுமியுடையவை. சிக்கனம் எஜமானியின் குணமாக எழுதப்படுகிறது. உழைப்பு அவர்கள் கையில் நிற்கிறது.

இந்த மௌனத்தை நம் பக்கத்தில் உடைத்தவை மகாராஷ்டிரத்திலிருந்து வந்தன. ஷர்மிளா ரேகேயும் உடன் பணியாற்றியோரும் புணே பல்கலைக்கழகத்தின் பெண்கள் ஆய்வு மையத்திலிருந்து 2009இல் கொண்டுவந்த நூல், 'இந்தத் தட்டு இந்தியத் தட்டு இல்லையா?' என்று தலைப்பிலேயே கேட்டது. மராத்வாடாவின் மகார், மாங் சமூகங்களின் உணவைப் பற்றி 2015இல் மராத்தியில் எழுதிய சாகு பாட்டோளே, 'அன்னமே பூரணப் பிரம்மம்' என்ற வாக்கைத் திருப்பிப் போட்டு, அன்னம் அபூரணப் பிரம்மம் என்று தலைப்பிட்டார். அதே ஆண்டில் அம்மாநிலத்தில் மாட்டுக்கறித் தடைச் சட்டமும் கடுமையானது.

இந்நூல்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். என் மனத்தாங்கல் இவற்றை நாம் பயன்படுத்தும் விதத்தில்தான். நான் போன கூட்டங்களில் மாட்டுக்கறி எதிர்ப்பின் சின்னமாக மேடையேறியது. அதைக் கீறிய, காத்த, வேகவைத்த மணிநேரங்கள் மேடையேறவில்லை. 1958ஆம் ஆண்டின் தமிழ்நாடு விலங்குப் பாதுகாப்புச் சட்டம், பத்து வயதைக் கடந்து உழைப்புக்கும் இனவிருத்திக்கும் உதவாத மாட்டை அறுக்க அனுமதிக்கிறது. அப்படிப்பட்ட மாட்டின் தொடை லேசில் வேகாது. சட்டத்தின் அந்த ஒற்றை வரி, அடுப்படியில் ஒரு பெண்ணின் கூடுதல் விறகாகவும் கூடுதல் மணிநேரமாகவும் மாறுகிறது. இந்தக் கணக்கை உணவு அரசியல் பேசும் நாம் போட்டிருக்கிறோமா?

இதில் என் பங்கும் உண்டு. நகரத்தில் நான் குடியிருந்த வீட்டில் கறி சமைக்கக் கூடாது என்பது நிபந்தனை. கொடியில் காயவைப்பதை நினைத்தே பார்க்க முடியாது. அதனாலேயே ஊருக்குப் போனால் உப்புக்கண்டம் வேண்டும் என்று ஏங்குவேன். ஃப்ரிட்ஜ் வாங்கியதும் அம்மா அதைப் போடுவதை நிறுத்திவிட்டார். நான் வருத்தப்பட்டேன். "உனக்கென்ன, திங்க வர்ற. காக்கா வெரட்டுனவளுக்குத் தெரியும்" என்றார். தெருவுக்குத் தெரியாமல் காயவைத்த பயமும் அந்தச் சொல்லில் இருந்தது.

அந்தப் பதிலையும் சேர்த்துத்தான் உப்புக்கண்டத்தின் செய்முறையை எழுத வேண்டும். உப்பின் அளவு, கீற்றின் தடிமன், வெயிலின் நாள்கள், காவலிருந்தவளின் பெயர், அவள் எப்போது ஏன் நிறுத்தினாள் என்பது வரை. அப்படி ஒரு பக்கம் அச்சாகும் நாளில்தான் 'தமிழ்ப் பெண்களின் சமையலறிவு' என்ற சொல்லை நாம் கூசாமல் சொல்ல முடியும்.