மண்ணியல் சிறுதேர்: நட்பே உரைகல்

உஜ்ஜயினி நகரில் ஒரு நள்ளிரவு. ஒரு வீட்டுச் சுவரில் கன்னம் வைக்க வந்திருக்கிறான் சர்விலகன். வேதம் ஓதும் குலத்துப் பிள்ளை. துளைக்கு எந்த வடிவம் அழகு என்று யோசிக்கிறான். அளவுக் கயிற்றை மறந்து வந்துவிட்டதால் பூணூலை வைத்து அளக்கிறான். அவன் காதலி மதனிகை, கணிகை வசந்தசேனையின் வீட்டில் அடிமை. அவளை மீட்கப் பொருள் வேண்டும். அதற்குத்தான் இந்தக் களவு. விஷயம் தெரிந்த வசந்தசேனை, மதனிகையைச் சும்மாவே விடுவித்து அவனோடு வண்டியேற்றி அனுப்புகிறாள். வண்டி நகர்வதற்குள் தெருவில் அரசாணை கேட்கிறது: சர்விலகனின் நண்பன் ஆரியகன் சிறைப்பட்டுவிட்டான். காதலுக்காகச் சுவரை உடைத்தவன், நண்பனுக்காகப் புது மனைவியை விட்டு வண்டியிலிருந்து இறங்குகிறான். அவளும் தடுக்கவில்லை.

சூத்திரகனின் ‘மிருச்சகடிக’த்தைக் காதல் நாடகம் என்று சொல்லியே பழகிவிட்டோம். வறுமைப்பட்ட சாருதத்தன், அவனை விரும்பும் வசந்தசேனை, குறுக்கே வரும் அரசனின் மைத்துனன் சகாரன். கதை இவ்வளவுதான் என்று தோன்றும். பத்து அங்கங்களையும் நிதானமாகப் படித்தால் வேறு கணக்குக் கிடைக்கிறது. இங்கே காதல் தடுக்கி விழும்போதெல்லாம் தூக்கி நிறுத்துவது நட்பு. இந்த நாடகத்தைக் கையாண்ட பாணிகளையும் அந்த உரைகல்லிலேயே உரசிப் பார்க்கலாம்.

இலக்கணம் அளந்ததும் அளக்காததும்

வடமொழி நாடக நூலார் ரூபகங்களைப் பத்தாக வகுத்தனர். அவற்றுள் பிரகரணம் என்பது புராணத்தில் எடுக்காத, கவி தானே புனைந்த கதை. தலைவன் அந்தணனாகவோ அமைச்சனாகவோ வணிகனாகவோ இருப்பான். தலைவி குலமகளாகவோ கணிகையாகவோ இருப்பாள். பவபூதியின் ‘மாலதீ மாதவம்’ குலமகளைத் தலைவியாகக் கொண்டது. மனைவி தூதையும் கணிகை வசந்தசேனையும் சேர்ந்து வருவதால் மிருச்சகடிகம் கலப்பு வகை. தசரூபக இலக்கணத்தைத் தமிழருக்கு எடுத்துச் சொன்னவர் விபுலானந்த அடிகள். 1926இல் வந்த ‘மதங்க சூளாமணி’யில் ஷேக்ஸ்பியரின் நாடகங்களையும் அந்த இலக்கணத்தையும் ஒரே நூலில் அமர்த்தினார்.

தலைவனையும் தலைவியையும் அளக்கும் இந்தக் கோலுக்குத் தோழன் அகப்படுவதில்லை. விதூஷகன் என்றால் அரசனை ஒட்டி வாழும் சாப்பாட்டு ராமன் என்பது வழக்கம். சாருதத்தனின் தோழன் மைத்திரேயனும் ஒருகாலத்தில் அவன் வீட்டில் வயிறு புடைக்கத் தின்றவன்தான். இப்போது அங்கே அடுப்பு எரிவதே அரிது. பகலெல்லாம் வெளியே இரை தேடிவிட்டு, மாடப்புறாவைப் போல இரவில் அந்த வீட்டுக்கே திரும்புகிறான்.

திருவனந்தபுரத்தில் த. கணபதி சாஸ்திரி 1912 முதல் பதிப்பித்த, பாசன் எழுதியவை எனப்படும் 13 நாடகங்களில் ‘சாருதத்தம்’ ஒன்று. நான்கே அங்கம். மிருச்சகடிகத்தின் முதல் நான்கு அங்கங்களோடு அது பெரிதும் ஒத்துப்போகிறது. ஆனால் அதில் ஆரியகன் இல்லை. அவனை மீட்க ஓடும் நண்பனும் இல்லை. சூத்திரகன் அந்தப் பழைய நாடகத்தை விரித்தவன் என்று பலர் கருதுகிறார்கள். அப்படியானால், காதல் கதைக்குள் நட்பின் கதையைக் கொண்டுவந்து நட்டது அவன் கைதான்.

அவன் நட்ட பயிர் எங்கும் படர்ந்திருக்கிறது. காவலன் சந்தனகன் ஒரு மாட்டுவண்டியைச் சோதிக்கிறான். உள்ளே தப்பியோடிய ஆரியகன். இவன் தன் நண்பன் சர்விலகனுக்கு நண்பன். ஏறியிருப்பதோ சாருதத்தனின் வண்டி. சந்தனகன் துணிந்து பொய் சொல்கிறான். சந்தேகப்பட்ட சக காவலனுக்கு உதையும் கொடுக்கிறான். சூதில் பத்துப் பொன் தோற்று ஓடிவந்த சம்வாகனை வசந்தசேனை தன் வளையைக் கொடுத்து மீட்கிறாள். அவன் பௌத்தத் துறவியாகி, சகாரன் கழுத்தை நெரித்துச் சருகுக்குள் மூடிவிட்டுப் போன அவளுக்கு உயிர் கொடுக்கிறான். சகாரனுக்கோ ஏவலர் உண்டு, நண்பன் கிடையாது. கூடவே திரிந்த விடனும் அந்தக் கொடுமையைக் கண்டதும் அவனை உதறிவிட்டு எதிரணிக்குப் போகிறான்.

நான்கு பாணிகள்

முதலாவது இசைப் பாணி. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கோவிந்த பல்லாள் தேவல் இதை மராத்தியில் சங்கீத நாடகமாக்கினார். பின்னாளில் பால கந்தர்வர் வசந்தசேனையாக வந்து பாடினார். ஐந்தாம் அங்கத்து மழையில் காதலனைத் தேடி வரும் பெண்ணுக்கு இதைவிடப் பொருத்தமான வடிவம் வேறில்லை. ஆனால் பாட்டு ஓங்கும் மேடையில் பாடாத தோழன் சிறுத்துப்போகும் ஆபத்து உண்டு.

இரண்டாவது பாரிஸ் பாணி. 1850இல் நெர்வாலும் மெரியும் ஒதெயோன் அரங்குக்காக இதைத் தழுவி எழுதினர். 1895இல் லூன்யே-போ மறுபடி மேடையேற்றியபோது ஓவியர் துலூஸ்-லொத்ரெக் காட்சித்திரை வரைந்தார். அப்போது தழுவி எழுதிய பாரூக்கான் அரசின்மைக் கொள்கையில் பற்றுள்ளவர். கொடுங்கோலன் வீழ்ந்து இடையன் ஆரியகன் அரசனாகும் கதை அவருக்கு இனித்ததில் வியப்பில்லை.

மூன்றாவது மண்ணின் பாணி. ஐரோப்பாவிலிருந்து திரும்பிய ஹபீப் தன்வீர் 1958இல் தில்லியில் ‘மிட்டி கீ காடி’யை அரங்கேற்றினார். சத்தீஸ்கரின் நாட்டுப்புறக் கலைஞர் ஆறு பேரை அழைத்துவந்து அதில் நடிக்க வைத்தார். மூலத்தில் பாத்திரத்துக்குப் பாத்திரம் பிராகிருதம் மாறும். சகாரனின் கொச்சையே தனி, ராவணனோடு குந்தியைச் சேர்த்துக் குழப்புவான். அந்தத் தெருப் பேச்சு அரண்மனை மொழியில் வராது என்பது தன்வீருக்குப் புரிந்திருந்தது. காவலனும் சூதாடியும் திருடனும் இந்தப் பாணியில்தான் ஆளாக நிமிர்ந்தார்கள். உரைகல்லில் ஆழமான கோடு விழுவதும் இதற்கே.

நான்காவது நம் ஏட்டுப் பாணி. பண்டிதமணி மு. கதிரேசச் செட்டியார் இதை ‘மண்ணியல் சிறுதேர்’ என்று தமிழாக்கினார். தலைப்பே ஒரு சாதனை. பிள்ளைத்தமிழின் சிறுதேர்ப் பருவம் நம் காதில் ஏற்கெனவே இருப்பதால், குழந்தை உருட்டும் தேர் உடனே கண்முன் வருகிறது. நடை செந்தமிழ், படிக்கப் படிக்கச் சுவை. மேடைக்கு வரும்போது திருடனுக்கும் சூதாடிக்கும் அவரவர் ஊர்ப் பேச்சைக் கொடுப்பது இயக்குநரின் கடமை.

சிறுதேர் போன வழி

நாடகத்துக்குப் பெயர் தந்த தேர் ஆறாம் அங்கத்தில் வருகிறது. அண்டை வீட்டுப் பிள்ளையின் பொன்தேரைப் பார்த்துவிட்டு, தன்னுடைய மண்தேர் வேண்டாம் என்று அழுகிறான் சாருதத்தனின் மகன் ரோகசேனன். வசந்தசேனை தன் நகைகளைக் கழற்றி அதில் நிரப்புகிறாள். அவற்றைத் திருப்பித்தர மைத்திரேயன் எடுத்துப் போகிறான். வழியில் நண்பனை வழக்குமன்றத்துக்கு அழைத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு அங்கே ஓடுகிறான். வசந்தசேனையைக் கொன்றதாக நண்பன்மேல் பழி சுமத்திய சகாரனோடு ஆத்திரத்தில் மல்லுக்கட்டுகிறான். இடுப்பிலிருந்த நகைகள் எல்லார் முன்னாலும் சிதறுகின்றன. சாருதத்தனின் குற்றத்துக்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. இங்கே அரங்கம் சிரித்தால் மைத்திரேயனாக நடித்தவர் தோற்றார்; மூச்சடங்கினால் வென்றார்.

நகையால் வந்த பழி, மனைவி, கணிகை, அரசனின் அவசரத் தீர்ப்பு என்று அடுக்கும்போது தமிழருக்குக் கோவலன் நினைவு வராமல் போகாது. மதுரையில் அவன் தனியாள், வாள் இறங்கிவிட்டது. உஜ்ஜயினிக் கொலைக்களத்தில் சாருதத்தன்மேல் ஓங்கிய வாள் கை நழுவுகிறது. அந்த ஒரு நொடி இடைவெளியில் துறவி வசந்தசேனையை அழைத்துக்கொண்டு கூட்டத்தைப் பிளந்து வருகிறான். பின்னாலேயே, ஆரியகன் அரசனாகிவிட்ட செய்தியோடு சர்விலகன் வருகிறான், அன்று இதே சாருதத்தனின் வீட்டில் கன்னம் வைத்தவன்.