மருட்கையும் வாசகனும்: சாகசப் புதினப் பரிந்துரைக்கு ஓர் அளவுகோல்

முன்னுரை

சாகசக் கதைகளையும் மிகுபுனைவுகளையும் விரும்பிப் படிக்கும் வாசகர் எல்லா மொழிகளிலும் உளர். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' (1950–1954), சாண்டில்யனின் 'யவன ராணி', 'கடல் புறா' ஆகியவற்றைப் படித்து முடித்த தமிழ் வாசகன் அடுத்து எழுப்பும் வினா, 'இனி எதைப் படிப்பது?' என்பதாகும். இதற்குப் பெரும்பாலும் இருவகை விடைகளே கிடைக்கின்றன. ஒன்று, அதே போன்ற மற்றொரு வரலாற்றுப் புதினம். மற்றொன்று, டோல்கீனின் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' (1954–1955) போன்ற ஆங்கில மிகுபுனைவு. இவற்றில் பிழையில்லை, ஆயினும் வாசகன் எச்சுவையை நுகர்ந்தான் என வினவாமல் கூறப்படுவதே இவற்றின் குறை. நுகர்ந்த சுவையின் இயல்பறிந்து பரிந்துரைப்பது திறனாய்வின் கடன் என்பதையும், அதற்குரிய அளவுகோல் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலிலேயே உள்ளது என்பதையும் இந்தி, உருது, வங்கமொழிப் படைப்புகள் மூன்றன் வழி இக்கட்டுரை விளக்குகிறது.

இலக்கிய வரலாற்றின் தயக்கம்

வாசகனுக்கு வழிகாட்ட வேண்டிய இலக்கிய வரலாறுகள் இவ்வகைப் படைப்புகளைப் புறவாயிலில் நிறுத்தியே பேசியுள்ளன. 1929இல் வெளிவந்த ராமச்சந்திர சுக்லரின் இந்தி இலக்கிய வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். தேவகி நந்தன் கத்ரியின் (1861–1913) புதினங்களை உயர்ந்த இலக்கியமாக ஏற்க அவர் உடன்படவில்லை. ஆனால் கத்ரியைப் போல் வாசகர்களைப் பெருக்கியவர் வேறொருவர் இலர் என்பதையும், உருது மட்டும் அறிந்தோர் பலர் அவரைப் படிப்பதற்காகவே இந்தி கற்றனர் என்பதையும் அவரே பதிவு செய்கிறார். ஒரு மொழிக்கு வாசகரையே ஈட்டித் தந்த படைப்பு அம்மொழி இலக்கியத்துள் அடங்காது எனும் இம்முடிபு மறு ஆய்வுக்குரியது. நடப்பியல் புதினத்தின் முதல்வராகப் போற்றப்பெறும் பிரேம்சந்த், தம் இளமையில் 'திலிஸ்ம்-ஏ-ஹோஷ்ருபா'வில் ஆழ்ந்து கிடந்ததை எழுதியிருப்பதும் இங்கு நோக்கத்தக்கது.

மருட்கையின் நிலைக்களன்கள்

வியப்பாகிய மருட்கைக்குத் தொல்காப்பியர் நான்கு நிலைக்களன்களை வகுக்கிறார். முன் காணாதது தோன்றுதல் புதுமை. கண்ட பொருளே அளவிறந்து விரிதல் பெருமை. நுண்ணியது வியப்பூட்டுதல் சிறுமை. ஒன்று பிறிதொன்றாய்த் திரிதல் ஆக்கம். சாகசக் கதைகள் அனைத்தும் வியப்பை விளைப்பன. எனினும் அவை ஒரே நிலைக்களனில் நின்று விளைப்பதில்லை. ஆகவே 'மந்திரக் கதை', 'அரச கதை' எனப் பொருள்வழிப் பிரிப்பதினும், வியப்பின் நிலைக்களன்வழிப் பிரிப்பதே பரிந்துரைக்குப் பெரிதும் பயன்படும்.

சிறுமை: சந்திரகாந்தா

1888இல் வெளிவரத் தொடங்கிய கத்ரியின் 'சந்திரகாந்தா', நௌகட் இளவரசன் வீரேந்திர சிங்கும் விஜய்கட் இளவரசி சந்திரகாந்தாவும் கொண்ட காதலைக் கூறுகிறது. எனினும் கதையை நடத்துவோர் அய்யார்கள் எனப்படும் மாறுவேட ஒற்றர்களே. மயக்கமருந்து, தெளிவிக்கும் மருந்து, கயிறு, வேடப்பொருள் ஆகியன அடங்கிய ஒரு சிறு பையே அவர்தம் படைக்கலம். தேஜ் சிங்கும் சப்லா என்னும் பெண் அய்யாரும் அப்பையைக் கொண்டு அரசுகளையே நிலைகுலையச் செய்கின்றனர். சிறையிடலாம், கொல்லலாகாது எனும் நெறி அய்யார்களைக் காப்பதால், மோதல் குருதிப்போராகாமல் அறிவுப்போராகிறது.

இப்புதினத்தின் மற்றொரு கூறு திலிஸ்ம் எனப்படும் மாயக்கட்டு. அதனுள் மனிதரை விழுங்கும் கற்கொக்கு வியப்பூட்டுகிறது. ஆனால் அது பேயின் செயலன்று, முன்னோர் அமைத்த பொறி எனக் கதை பின்னர்த் தெளிவுறுத்துகிறது. சீவக சிந்தாமணியின் மயிற்பொறியையும் உதயணன் கதையின் பொறியானையையும் அறிந்த தமிழ் வாசகனுக்கு இவ்வுலகம் அயலானதன்று. பழுவேட்டரையரின் நிலவறையில் வந்தியத்தேவன் வழி தேடும் பகுதியிலும், ஆழ்வார்க்கடியானின் ஒற்றாடலிலும் இன்பம் கண்டவனுக்கு முதலில் பரிந்துரைக்கத் தக்கது இந்நூலே.

ஆக்கமும் பெருமையும்: திலிஸ்ம்-ஏ-ஹோஷ்ருபா

கத்ரி பொறியாக்கியதை மந்திரமாகவே நிலைநிறுத்துவது உருதுமொழியின் 'திலிஸ்ம்-ஏ-ஹோஷ்ருபா'. லக்னோவின் நவல் கிஷோர் அச்சகம் வெளியிட்ட 46 தொகுதிகள் கொண்ட அமீர் ஹம்சா தாஸ்தானின் ஒரு பகுதி இது. முதல் 4 தொகுதிகளை முகம்மது உசைன் ஜாஹும் பின்னவற்றை அகமது உசைன் கமரும் எழுதினர். மந்திரப் பேரரசன் அஃப்ராசியாபின் நாட்டில் புலப்படும் பகுதியும் புலப்படாப் பகுதியும் உள. எதுவும் எதுவாகவும் மாறவல்லது. அம்மந்திரத்தை எதிர்ப்பவன் அமர் அய்யார். அவனது ஜம்பீல் என்னும் பை எத்துணைப் பொருளையும் உட்கொள்வது. கத்ரியின் அய்யார் பைக்கு மூதாதை இதுவே எனலாம்.

வாய்மொழியாகக் கூறப்பட்ட கலையிலிருந்து கிளைத்தமையின், கூறியது கூறலும் நீண்ட வருணனையும் இதில் மிகுதி. புதினத்திற்குரிய கட்டுக்கோப்பை எதிர்பார்ப்பவன் சோர்வுறுவான். விக்கிரமாதித்தன் கதையிலும் மதனகாமராசன் கதையிலும் கதைக்குள் கதை நுழைவதைச் சுவைத்தவனுக்கே இது உரியது. மாற்றுச் சமயத்தாரை மந்திரவாதிகளாகவே காட்டும் போக்கு இதில் உண்டென்பதையும் பரிந்துரைப்போர் மறைத்தல் கூடாது.

புதுமை: சாந்தேர் பஹாட்

விபூதிபூஷண் பந்தோபாத்யாயரின் 'சாந்தேர் பஹாட்' 1937இல் நூலாயிற்று. வங்கச் சிற்றூர் இளைஞன் சங்கர், 1909ஆம் ஆண்டளவில் ஆப்பிரிக்க இருப்புப்பாதைப் பணிக்குச் சென்று, பின்னர் ஆல்வாரெஸ் என்னும் போர்த்துக்கீசியனுடன் வைரம் தேடிப் புறப்படுகிறான். ஆப்பிரிக்காவைக் காணாத ஆசிரியர் நூலறிவைக் கொண்டே நிலத்தைப் படைத்துள்ளார். குகையில் வழி தவறாதிருக்கச் சங்கர் இட்டுச்சென்ற கூழாங்கற்களே வைரங்கள் எனப் பின்னர் அறியும் இடம் இப்புதினத்தின் உயிர்நிலை. பொருளைத் தேடி வந்தவனுக்கு அப்பொருள் வழியடையாளமாக மட்டுமே பயன்படும் இம்முரண், சாகசக் கதைக்குள்ளேயே சாகசத்தின் பயன் குறித்த வினாவை எழுப்புகிறது. 'பதேர் பாஞ்சாலி'யை (1929) எழுதியவரே இதனையும் எழுதினார் என்பது, இலக்கியத்தின் தரம் வகையைச் சார்ந்ததன்று என்பதற்குப் போதிய சான்றாகும். கடற்பயணமும் அயல்நிலமும் விழையும் 'கடல் புறா' வாசகனுக்கு இது பொருந்தும்.

முடிவுரை

மேற்கண்டவற்றால், பரிந்துரை என்பது புகழ்பெற்ற நூற்பெயர்களை அடுக்குவதன்று என்பது பெறப்படும். சூழ்ச்சியின் நுண்மையை விழைபவனுக்குச் 'சந்திரகாந்தா', உருமாற்றத்தை விழைபவனுக்கு 'ஹோஷ்ருபா', காணா நிலத்தை விழைபவனுக்குச் 'சாந்தேர் பஹாட்' என்பதே இங்கு எட்டப்பெறும் வரிசை. ஒன்றைப் படித்துச் சோர்ந்தவன் இவ்வகை முழுவதையும் வெறுக்க வேண்டியதில்லை. நிலைக்களன் மாறினால் சுவையும் மாறும். ஹோஷ்ருபாவின் முதல் தொகுதி முஷர்ரஃப் அலி ஃபாரூக்கியின் ஆங்கில மொழிபெயர்ப்பாக 2009இல் வெளிவந்தது. எனினும் மூலமொழியிலிருந்து நேரே தமிழுக்கு வரும் நூலின் சுவை வேறு. இந்தியும் உருதும் வங்கமும் வழங்கும் நகரங்களில் இயங்கும் தமிழ்த்துறைகளுக்கு அதற்கான மொழியறிவும் வாய்ப்பும் உண்டு. பொன்னியின் செல்வனை மூடிவைத்து அடுத்த நூலைக் கேட்டு நிற்கும் மாணவனுக்கு, அத்துறைகள் நூலின் பெயரோடு நூலையும் தருதல் வேண்டும்.