‘பஞ்சும் பசியும்’: தறியைப் பற்றிய ஒரு பாடம்

சிங்கப்பூர்ச் சிராங்கூன் சாலையிற் சேலைக் கடைகளுக்குக் குறைவில்லை. ஆயினும், பாவு எது, ஊடை எதுவென்று அங்கு வரும் நம் மாணாக்கனை வினவினால் அவன் விழிப்பான். ஆகவே, நெசவையும் சாயத் தொழிலையும் பள்ளியிற் கற்பிக்க வேண்டுமென்போர் கூற்று தள்ளத்தக்கதன்று. ஆனால் அதனை ஏற்குமுன் ஒரு நாவலைப் படித்தல் நலம்.

தொ. மு. சி. ரகுநாதனின் ‘பஞ்சும் பசியும்’ 1953 இல் வெளிவந்தது. கைத்தறியாளர் துயரே அதன் பொருள். தொழில் அறியாமையால் அவர்கள் பட்டினி கிடக்கவில்லை; தலைமுறை தலைமுறையாய் அறிந்திருந்தும் கிடந்தனர். நூலின் விலையும் துணியின் சந்தையும் அவர்கள் கையில் இல்லை. நெசவாளிக்காகக் கண்ணீர் சிந்துவதோடு நில்லாது, பசியின் காரணத்தை நாடிச் சென்றதே இந்நாவலின் பெருமை.

அதே 1953 இல் சென்னை இராஜ்யத்தின் முதலமைச்சர் இராஜாஜி புதிய தொடக்கக் கல்வித் திட்டமொன்றைக் கொணர்ந்தார். நாட்டுப்புறப் பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு 3 மணி நேரமே பள்ளி. எஞ்சிய பொழுதிற் பெற்றோர் தொழிலைப் பழக வேண்டும் என்பது அதன் சாரம். பெரியார் முதலியோர் அதனைக் குலக்கல்வி என்று கண்டித்தனர். 1954 இல் காமராசர் ஆட்சியில் அது கைவிடப்பட்டது. நாவலையும் திட்டத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள். தந்தையின் வயிற்றை நிரப்பாத தறியிலேயே மகனையும் அமர்த்துவது கல்வியாகுமா? அந்த நியாயப்படி, மலாயாத் தோட்டத்திற் பால் வெட்டியவர் மகன் அக்கத்தியையன்றி வேறெதனைத் தொட்டிருக்க முடியும்?

1937 இல் காந்தியார் கூட்டிய வார்தா மாநாடு கைத்தொழில் வழியாகவே கல்வி புகட்ட வேண்டுமென்றது. அதிற் பல குறை கூறலாம். எனினும், தொழிலை எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவாக்கிய கருத்து போற்றத்தக்கது.

அவுரிச் சாயத்தில் தோய்த்த துணி, தொட்டியிலிருந்து எடுக்கையிற் பச்சையாய்த் தோன்றிக் காற்றுப்பட்டதும் நீலமாகும். சாயவேரின் சிவப்பு துணியைப் பற்றி நிற்கப் படிகாரம் துணைசெய்யும். இவற்றைக் காணும் பிள்ளை இரசாயனம் கற்கிறது. பாவிழை எண்ணுகையிற் கணிதம் கற்கிறது. இவற்றோடு நூலின் விலை, நெய்தவன் கூலி, கடையில் விற்கும் விலை ஆகிய மூன்றையும் அது எழுதிப் பார்க்கட்டும். அப்போதுதான் பாடம் முழுமையுறும்.

2015 இல் கேம்பல் லேனில் இந்திய மரபுடைமை நிலையம் திறக்கப்பெற்றது. அங்குப் பழம்பொருள்களைக் கண்டு பெருமிதங்கொள்ளும் பெற்றோர் இந்நாவலையும் வீட்டில் வைத்திருத்தல் வேண்டும். நெய்தவனின் கைத்திறத்தை வியக்கும் பிள்ளை, அவன் உண்டானா என்றும் கேட்கப் பழகட்டும்.